கடைவீதிக் கணக்கும் கிராம நலமும்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கிராமவாசி தன் வருமானத்தின் பெரும் பகுதியைச் செலவிடும் கடைவீதியை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. விளைந்ததை விற்பதும் வேண்டியதை வாங்குவதும் அவசரத்துக்குக் கடன் பெறுவதும் அங்கேதான் நடைபெறுகின்றன. வயலில் நன்றாக உழைத்தவன் கடைவீதியில் கணக்குத் தெரியாமல் நின்றானானால், மகசூல் பெருகினாலும் மடி நிறைவதில்லை. ஆகவே, கடைவீதி எவ்வாறு இயங்கி வந்தது, அதில் போற்றத்தக்கது எது, விலக்கத்தக்கது எது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

பேரையூர் என்னும் நடு ஊர்

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கே சாப்டூர் மலைத் தொடரை நோக்கி அமைந்த கரிசல் பூமியில் பேரையூர் இருக்கிறது. இன்று அது ஒரு பேரூராட்சி. தாலுகாவின் தலைமையிடமும் ஆகும். முன்னாளில் திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. பேரையூர், சாப்டூர் முதலியவை ஜமீன் ஊர்களாக விளங்கியவை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரே குடியானவர்கள் சர்க்காருடன் நேரடித் தொடர்பு பெற்றனர்.

இவ்வூருக்கு ரயில் இல்லை. ரயில் ஏற வேண்டுமானால் திருமங்கலத்துக்கோ விருதுநகருக்கோ போகவேண்டும். சுற்றுக் கிராமங்களில் பெரும்பகுதி மானாவாரி நிலம். பருத்தி, சோளம், கம்பு, நிலக்கடலை, மிளகாய், மல்லி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைபவை. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்புச் செலவு. தை, மாசியில்தான் வரவு. இடையிலே நான்கைந்து மாதங்கள் குடும்பம் எதைக் கொண்டு நடப்பது? இந்த இடைவெளியில்தான் சிற்றூர்க் கடைவீதி வேரூன்றியது. பேரையூர் போன்ற எந்தக் கரிசல் ஊரின் கடைவீதியையும் புரிந்துகொள்வதற்கு இதுவே திறவுகோல்.

குடும்பமே கடை

1950-களிலும் 1960-களிலும் இத்தகைய ஊர்களில் மளிகை, ஜவுளி, நாட்டு மருந்து, பாத்திரம், இரும்புச் சாமான் ஆகிய கடைகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானவை. முன்புறம் கடை, பின்புறம் வீடு. பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினால் கடை திறந்ததாகப் பொருள். தந்தை கல்லாவில் அமர்வார்; மூத்த மகன் தராசில் நிற்பான்; இளையவன் பள்ளிவிட்டு வந்ததும் பொட்டலம் மடிப்பான். மிளகாய் காம்பு ஆய்வதும் பருப்புப் புடைப்பதும் வீட்டுப் பெண்களின் வேலை. இவர்களில் எவருக்கும் சம்பளம் கிடையாது. சிறிய முதலைக் கொண்டு கடை நிலைத்து நின்றதற்கு இந்தக் கூலியற்ற உழைப்பே முதற் காரணம். அதனைச் சிக்கனம் என்று புகழும்போது, அதன் சுமை யார் தோளில் இருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

கடைக்காரரின் உண்மையான மூலதனம் சரக்கு மட்டுமன்று. மனிதரை அறிந்திருந்த அறிவும் ஆகும். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், யார் வீட்டில் கலியாணம் வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஈட்டுப் பத்திரம் இல்லாமல் அவர் கடன் கொடுத்தது இந்த அறிவை நம்பித்தான்.

பற்றும் வரவும்

இக்கடைகளில் கணக்கு முறை ஒழுங்காகவே இருந்தது. அன்றாட விற்பனை முதலில் சிட்டையில் ஏறும். அதிலிருந்து குறிப்பேட்டுக்கும், ஆள்வாரியாகப் பேரேட்டுக்கும் போகும். வருஷ முடிவில் ஐந்தொகை கட்டுவார்கள். பிள்ளையார் சுழியிட்டுப் புதுக்கணக்கு தொடங்கும் நாள் கடைக்குப் பண்டிகை நாளாகும். 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தபின், கணக்கு வைப்பது பழக்கம் என்ற நிலையிலிருந்து சட்டத்தின் கட்டாயமாகவும் ஆயிற்று.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. புத்தகம் ஒருவரிடம் மட்டுமே இருந்தது. வாங்கியவருக்குச் சீட்டு இல்லை; எழுத்தறிவும் பலருக்கு இல்லை. தை மாதத்தில் கடைக்காரர் கூட்டிச் சொல்லும் தொகையே தொகை.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் பாட்டனார் மானாவாரி விவசாயி. அவர் பற்று வைத்திருந்த கடையின் பெயரோ ஊரோ இங்கே வேண்டியதில்லை. அவர் எடுத்த பருத்தி எந்தச் சந்தையையும் கண்டதில்லை. காட்டிலிருந்து நேரே அந்தக் கடையின் கிட்டங்கிக்குப் போய்விடும். "கடன்பட்டவனுக்கு விலை கேட்க வாய் ஏது?" என்று அவர் சொல்வதை என் தந்தையார் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். எனினும் மழை பொய்த்த ஒரு வருஷத்தில், முன்பாக்கி தீராத நிலையிலும், அதே கடைதான் எங்கள் வீட்டுக்குச் சோளமும் கம்பும் அளந்து கொடுத்தது. ஊரில் வேறு யாரும் கொடுக்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் அந்தக் கடையைப் பற்றி மனத்தாங்கலும் நன்றியும் சேர்ந்தே இருந்து வந்தன. குடும்பக் கடைகளைப் பற்றி நியாயமாகப் பேச விரும்புவோர் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும்.

நாணயமும் அளவும் மாறிய காலம்

நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடைவீதியைப் பெரிதும் உலுக்கியவை இரண்டு மாறுதல்கள். முதலாவது, 1957 ஏப்ரல் 1-இல் வந்த தசம நாணயம். அதுவரை ரூபாய்க்குப் 16 அணா, அணாவுக்கு 12 பை. அன்றுமுதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. நான்கு அணாவுக்கு 25 பைசா என்பது சரியாகப் பொருந்தியது. ஓர் அணாவுக்கோ ஆறேகால் பைசா; கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. 16 தடவை ஓர் அணாச் சாமான் வாங்கியவன் முன்பு ஒரு ரூபாய் கொடுத்தான். தடவைக்கு ஆறு பைசா என்றால் 96 பைசாதான்; கடைக்காரருக்கு 4 பைசா நஷ்டம். ஏழு பைசா என்றால் 112 பைசா. வாங்குபவனுக்கு 12 பைசா நஷ்டம். சில்லறையாக வாங்கும் ஏழையே இத்தகைய முழுமையாக்கலில் அதிகம் இழக்கக்கூடியவன் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இரண்டாவது, மெட்ரிக் அளவு முறை. 1956-இல் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. அதற்குமுன் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. தானியத்துக்கு ஆழாக்கு, படி, மரக்கால். படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒரே படியையும் தலைதட்டி அளப்பது ஒரு வகை, குவித்து அளப்பது இன்னொரு வகை. விவசாயியிடம் வாங்கும்போது குவித்தும், அவனுக்கே விற்கும்போது தலைதட்டியும் அளந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கிலோகிராமும் லிட்டரும் வந்தது, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவை அடைப்பதற்குப் பேருதவி செய்தது. ஆயினும் மாறும் வேளையிலும் விழிப்பு வேண்டியிருந்தது. ஒரு வீசை சுமார் 1,400 கிராம். வீசையின் விலையையே கிலோவுக்குக் கொடுத்தவன், ஏழு பங்கில் இரண்டு பங்குச் சரக்கை அறியாமலே இழந்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு

பற்றுக் கடனின் உண்மையான விலை எவ்வளவு? இதைக் கண்டறிய ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் எளிதில் விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை.

ஒரு விவசாயி மூன்று மாதத் தவணையில் கடையில் சாமானும் உரமும் வாங்குகிறார். ரொக்க விலை 6,000 ரூபாய். பற்றுக்கு எழுதுவது 6,360 ரூபாய். அதிகம் 360 ரூபாய். மாதம் இரண்டு வட்டிதானே என்று அவர் எண்ணுகிறார். அறுவடையானதும் 10 குவிண்டால் மக்காச்சோளத்தை அதே கடையில் போடுகிறார். வெளிச் சந்தையில் குவிண்டால் 2,000 ரூபாய். எனவே முழு மதிப்பு 20,000 ரூபாய். கடையில் அவருக்குக் கிடைப்பது குவிண்டாலுக்கு 1,900 ரூபாய். மேலும் குவிண்டாலுக்கு 2 கிலோ கழிவு. ஆக, 980 கிலோவுக்கு 18,620 ரூபாய். இதில் நஷ்டம் 1,380 ரூபாய். முன் சொன்ன 360-ஐயும் சேர்த்தால் 1,740 ரூபாய்.

6,000 ரூபாய்க்கு மூன்று மாதத்தில் 1,740 ரூபாய் என்பது நூற்றுக்கு 29. மாதத்துக்கு ஒன்பது வட்டிக்கு மேல். வருஷத்துக்கு 116 விழுக்காடு. விவசாயி பேரேட்டில் கண்டது இரண்டு வட்டி. கொடுத்தது ஒன்பதரை வட்டிக்கு மேல். மீதி, தராசிலும் விலையிலும் மறைந்திருந்தது. கடனையும் விளைச்சலையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டதால் வந்த வினை இது. இக்கட்டுரையின் மையக் கருத்தும் இதுவே: வட்டியைக் காட்டிலும் அந்த முடிச்சே விவசாயியை அதிகம் வாட்டுகிறது.

கடைக்காரரின் பக்கம்

ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது முறையன்று. அதே கடைக்காரர் பத்துப் பேருக்குத் தலைக்கு 6,000 ரூபாய்ச் சரக்கைப் பற்றாகக் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். மழை தவறி ஒருவர் கொடுக்க இயலாமற் போனால் 6,000 ரூபாய் போயிற்று. மற்ற ஒன்பது பேரிடமும் நேர்மையாக 360 ரூபாய் வீதம் பெற்றால் கிடைப்பது 3,240 ரூபாய். நிகர நஷ்டம் 2,760 ரூபாய். கடை வாடகையும் சரக்கு கொண்டுவரும் செலவும் இதற்கு மேல். ஆக, வராக் கடனின் பாரத்தை நாணயமாகத் திருப்பிக் கொடுத்தவர்களின் தலையிலேயே கடைக்காரர் இறக்கி வைக்கிறார். ஒருவர் கொடுக்கத் தவறினால், அதன் விலையை ஒன்பது அண்டை வீட்டார் செலுத்துகிறார்கள்.

பல குடும்பக் கடைகள் நலிந்ததற்கும் வசூலாகாத பற்று ஒரு காரணம். பாகப்பிரிவினையில் ஒரு கடை மூன்றாகி, மூன்றும் முதல் போதாமல் மூடப்பட்டதும் உண்டு. படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும், பஸ் வசதி பெருகியபின் ஜனங்கள் மதுரைக்கே போய் வாங்கத் தொடங்கியதும் மற்றக் காரணங்கள். இன்று பெரிய அங்காடிகளும், கைத்தொலைபேசியிலேயே சரக்கை வரவழைக்கும் முறையும் வந்துவிட்டன. ஆனால் அரைப் பொட்டலம் உப்பை நம்பிக்கையின்மேல் தருவதற்கு இன்றும் ஊர்க் கடையே இருக்கிறது. அது அழிந்துபடுவது கிராமத்துக்கு லாபமாகாது.

நாட்டின் நிலை காட்டிய ஆய்வு

பேரையூர் வட்டாரத்தின் நிலை தனிப்பட்டதன்று. ரிசர்வ் வங்கி 1951-52-இல் நாடெங்கும் நடத்திய கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு நூற்றுக்குச் சுமார் 3 மட்டுமே என்று கண்டது. சர்க்காரின் பங்கும் ஏறத்தாழ அவ்வளவே. லேவாதேவிக்காரர்களின் பங்கு 70-ஐ ஒட்டியிருந்தது. கூட்டுறவுச் சட்டம் 1904-லேயே வந்திருந்தும் நிலைமை இதுதான். இந்த ஆய்வுக்குப் பின்னரே கூட்டுறவுக் கடன் இயக்கத்துக்குப் புதிய ஊக்கம் பிறந்தது.

விற்பனைத் துறையிலும் சீர்திருத்தங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பருத்தி முதலிய வணிகப் பயிர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அமைக்க வழி ஏற்பட்டது. முதற்கூடம் 1936-இல் திருப்பூரில் தோன்றியது. காய்கறி விளைவிப்போர் நேரே விற்பதற்கான உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. இவையெல்லாம் வெவ்வேறு திட்டங்களாகத் தோன்றினாலும் நோக்கம் ஒன்றே: விற்கும் இடத்தைக் கடன் வாங்கிய இடத்திலிருந்து பிரித்து வைப்பது.

கடைவீதி தந்த நல்ல படிப்பினை

கடைவீதியிடமிருந்து பஞ்சாயத்துக்கள் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. அண்மையிலுள்ள விருதுநகரில் நாடார் வணிகர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலிருந்தும் ஒரு சிறு தொகையை 'மகிமை' என்ற பெயரில் பொது நிதிக்கு ஒதுக்கி வந்தார்கள். உறவின்முறை அந்நிதியை நிர்வகித்தது. வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியும் சேர்ந்து அங்கே க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளி நடந்தது. பின்னாளில், 1954 முதல் 1963 வரை, முதலமைச்சராயிருந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்த காமராஜர் அப்பள்ளியில் பயின்றவரே. இளமையில் தம் மாமன் கடையிலும் அவர் வேலை பார்த்தார். கடைக்குக் கடை எடுத்து வைத்த காசு ஒரு தலைமுறையின் கல்வியாக மாறியது. சிறு தொகை, தவறாத சேமிப்பு, எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கு என்ற மூன்றும் இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம்.

மற்றொரு படிப்பினை பேரையூருக்கு அருகேயுள்ள தே. கல்லுப்பட்டியிலிருந்து கிடைக்கிறது. 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1960 ஜனவரி 30-இல் காலமானார். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர் அவர். ஒரு பொருளை வாங்குபவர், அதற்குப் பின்னேயுள்ள உழைப்பும் நியாயமும் எத்தகையவை என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் போதனையின் சாரம். நாம் கடையில் வைக்கும் ரூபாய் யாருக்குப் போகிறது, ஊரிலே சுழல்கிறதா, ஊரைவிட்டு ஓடுகிறதா என்று கேட்கும் பழக்கத்தை நம் கிராம சபைகள் மேற்கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, கணக்கு இரு புத்தகத்தில் இருக்கட்டும். பற்று வைக்கும் குடும்பம் ஒரு கைப்புத்தகம் வைத்து, வாங்கும்போதே தேதி, சரக்கு, அளவு, விலை ஆகியவற்றை எழுதச் செய்து கடைக்காரரின் கையொப்பம் பெறவேண்டும். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்தப் புத்தகத்தை அதன் பொறுப்பில் விடலாம். பிள்ளைக்கும் கணக்கு வரும்.

இரண்டாவதாக, ரொக்க விலையையும் பற்று விலையையும் தனித்தனியே கேளுங்கள். வித்தியாசத்தை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வட்டியோடு ஒப்பிட்டபின் முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, விளைச்சலைத் தனியே விற்றுவிட்டுப் பணமாகக் கடனைத் தீருங்கள். திருமங்கலம் போன்ற இடங்களிலுள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரியான எடையும் போட்டி விலையும் கிடைக்க வழியுண்டு. விலை குறைவாயிருந்தால் சரக்கை இருப்பு வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறவும் முடியும். அவசரத் தேவைக்காக அறுவடைக் களத்திலேயே விற்க வேண்டிய நிர்ப்பந்தம் அப்போது குறையும்.

நான்காவதாக, தராசைக் கவனியுங்கள். வியாபாரத் தராசுகள் 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் முத்திரையிடப்பட வேண்டியவை. மின்னணுத் தராசுக்கு வருஷந்தோறும் மறுமுத்திரை அவசியம். நம் மாநிலத்தில் இதனைக் கண்காணிப்பது தொழிலாளர் துறை. வாரச்சந்தை நடத்தும் பஞ்சாயத்துக்கள், வாங்கியவர் எவரும் சரக்கை மறுபடி நிறுத்துப் பார்க்க ஒரு பொதுத் தராசைச் சந்தை வாசலில் வைத்தால் செலவு சொற்பம், பயன் பெரிது. சந்தைக் கட்டண விவரத்தையும் குத்தகைதாரர் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைக்கச் செய்யவேண்டும்.

ஐந்தாவதாக, வாங்கிய கடனைத் தவணையில் திருப்பிக் கொடுப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியுமாகும் என்பதை மேலே கண்ட கணக்கு காட்டும். கொடுக்க இயலாத வருஷத்தில் ஒளிந்து திரியாமல், கடைக்காரரிடம் நேரே போய் நிலைமையைச் சொல்லித் தவணை கேட்பதே நலம்.

கூடி ஆராய்வதற்குச் சில வினாக்கள்

கிராம சபையிலோ, மாதர் சங்கத்திலோ, வாசகசாலையிலோ கூடும்போது கீழ்க்கண்டவற்றை விவாதிக்கலாம்.

1. நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் கடனுக்காகவே ஒரே இடத்தில் விளைச்சலைப் போடுகின்றன? அவர்களுக்குக் கிடைத்த விலை என்ன, அன்றைய சந்தை விலை என்ன?

2. நம் ஊர்க் கடைகளிலும் சந்தையிலும் உள்ள தராசுகளில் இவ்வருஷத்து முத்திரை இருக்கிறதா?

3. ஊர்க் கடைகள் நிலைத்து நிற்பதற்குப் பஞ்சாயத்து செய்யக்கூடிய உதவி யாது? கடைவீதியின் சாக்கடை, கழிப்பிடம், விளக்கு எந்நிலையில் உள்ளன?

4. மகிமை போன்ற ஒரு சிறு பொது நிதியைச் சாதி வேற்றுமையின்றி எல்லாருக்குமாக நம் ஊரில் தொடங்க முடியுமா? அதன் கணக்கை யார் எழுதுவது, யார் பார்ப்பது?

கடைக்காரரும் விவசாயியும் பகைவர்களல்லர். ஒருவர் வாழ்வு மற்றவரைச் சார்ந்தது. இருவருக்கும் இடையே உள்ள பேரேடு இருவரும் படிக்கக்கூடியதாகவும், தராசு இருவரும் நம்பக்கூடியதாகவும் ஆகிவிட்டால், பழைய கடைவீதியின் நன்மை நம்மோடு நிலைக்கும், தீமை கழியும். அடுத்த விதைப்புக்கு முன்பே, முதல் பற்று எழுதும் நாளிலேயே, கைப்புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு விவசாயத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.